ஆனியில் பதவியேற்பு, மாரியில் வேலை: யாழ்ப்பாணத்துச் சேவைக் கழகம் ஒன்று தன் ஆண்டைத் திட்டமிடுவது எப்படி

லயன்ஸ், றோட்டரி ஆகிய இரு உலகளாவிய சேவை இயக்கங்களிலும் கழக ஆண்டு ஜூலை 1 ஆம் திகதி தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30 ஆம் திகதி முடிவடைகிறது. றோட்டரி 1905 இலும் லயன்ஸ் 1917 இலும் சிக்காகோ நகரில் பிறந்தவை. அந்த ஊருக்கு ஜூலை எத்தகைய மாதமோ, நமக்கு அது ஆனி. சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று புழுதியை அள்ளி வீசும். கிணற்று நீர் கீழே இறங்கியிருக்கும். கோயில்களில் கொடியேற்றங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பதவியேற்கும் புதிய தலைவர், போர்த்திய பொன்னாடையை மடித்து வைக்குமுன்னரே முதற் செயற்றிட்டம் ஒன்றைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். ஒரு கழகத்தில் செயலாளராகவும் பின்னர் பொருளாளராகவும் இருந்த காலத்தில் நான் கண்ட தவறுகளுள் பெரும்பாலானவை, நான் உடனிருந்து செய்தவையும் உட்பட, இந்த அவசரத்திலிருந்தே பிறந்தன. கழகத்தின் ஆண்டை ஊரின் ஆண்டோடு பொருத்துவது எவ்வாறு, பணத்தைத் திரட்டிக் கணக்குக் காட்டுவது எவ்வாறு, செய்ததையும் உறுப்பினரின் நல்லது கெட்டதையும் செய்தியாக எழுதுவது எவ்வாறு என்பவற்றை இங்கு எழுதுகிறேன். பெரும்பகுதி சனசமூக நிலையங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் பொருந்தும்.

ஊரின் நாட்காட்டியை முதலில் வரைதல்

பதவியேற்பு முடிந்த முதற் கூட்டத்தில் செயற்றிட்டங்களைப் பற்றிப் பேசாமல், பெரிய தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஊரில் எந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை உறுப்பினர்களைக் கொண்டே நிரப்பச் செய்யுங்கள். ஆடிப்பிறப்பு, நல்லூரின் 25 நாள் திருவிழா, பனம்பழம் விழும் காலம், வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, வெள்ளமும் டெங்குவும் வரும் கார்த்திகை மார்கழி, பாடசாலைத் தவணைகள், க.பொ.த. பரீட்சைகள், வெங்காயமும் புகையிலையும் நடும் காலம், கடல் கொந்தளித்துப் படகுகள் ஓடாத நாட்கள் ஆகிய அனைத்தும் அதில் வரவேண்டும். செயற்றிட்டங்களை அதன் பின்னர் அந்தத் தாளின் மீது வையுங்கள். தாமாகவே இடம் மாறும்.

மரநடுகையை எடுத்துக்கொள்வோம். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5 என்பதால் நாங்களும் ஓராண்டு அன்றைய தினமே வீதியோரத்தில் வேம்பும் மருதும் நட்டோம். பதாகை பிடித்தோம், நிழற்படம் எடுத்தோம், கழகச் சின்னம் பொறித்த இரும்புக் கூடுகளை ஒவ்வொரு கன்றுக்கும் போட்டோம். அடுத்து வந்த மூன்று மாதச் சோழகத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் காய்ந்துபோக, கூடுகள் மட்டும் நின்றன. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற சனமெல்லாம் எங்கள் சின்னத்தையும் அதற்குள் நின்ற காய்ந்த குச்சியையும் பார்த்துக்கொண்டே போயிற்று. கன்று நடுவதற்கு இங்கு உரிய காலம் ஐப்பசியில் முதல் மழை நிலத்துக்குள் இறங்கிய பின்னர்தான். அப்போது நட்டால் வேர் பிடிப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாத ஈரம் கிடைக்கும். பனம் விதை என்றால் ஆவணி புரட்டாதியில் பழம் விழும்போதே சேர்த்து, மழைக்கு முன்னர் நட்டுவிடலாம். கூடும் வேண்டியதில்லை, தண்ணீரும் ஊற்றவேண்டியதில்லை. எந்தக் கன்றானாலும், முதற் கோடை முழுவதும் யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதற்கு ஒரு பெயர் கிடைக்காத இடத்தில் நடாதீர்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான கொப்பிகளும் பாதணிகளும் புதிய தரத்துக்குப் போகும்போதே தேவைப்படுபவை. ஆண்டு நடுவில், இயக்கத்தின் மாவட்ட ஆளுநரின் வருகைக்குப் பொருந்தும் நாளில் கொடுத்தால் பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் ஜனவரியில் அந்தத் தாய் அடைவு வைத்தோ கடன்பட்டோ ஏற்கெனவே வாங்கியிருப்பார்.

நாள் குறிக்கும்போது மாற்று நாள் ஒன்றையும் சேர்த்தே குறியுங்கள். ஒழுங்கையில் ஒரு செத்தவீடு நேர்ந்தால் அன்று ஊரில் வேறெதுவும் நடவாது, நடத்தவும் கூடாது.

தேவையை யாரிடம் கேட்பது

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. பயனாளிப் பட்டியல் வேண்டுமென்றால் கிராம அலுவலரிடம் போவதே எல்லோருக்கும் தெரிந்த வழி. அது சரியான தொடக்கமும்கூட. ஆயினும் அவரிடம் உள்ள பட்டியல் பெரும்பாலும் அரச கொடுப்பனவுகளுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதே பட்டியலைத்தான் மற்றக் கழகங்களும் வெளிநாட்டுச் சங்கங்களும் வாங்கிச் செல்கின்றன. இதனால் ஒரு வீட்டுக்கு மூன்று தையல் இயந்திரங்கள் வந்துசேர, அயல்வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காமற் போகிறது. ஆகவே அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பாடசாலை அதிபர், குடும்பநல உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் சேர்ந்து சொல்லும் பெயர்களில் ஐயமில்லை. ஒருவர் மட்டும் சொல்லும் பெயரை நீக்கிவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய் வரட்டும். வெளியே சொல்லிக்கொள்ளாமல் கஷ்டப்படுகிற குடும்பங்கள் பெரும்பாலும் அவ்வாறே தெரியவருகின்றன.

பாடசாலைகளுக்குச் செய்வதாயின் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் எந்தப் பாடசாலைக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்பதை ஓரளவுக்கு அவர்களே அறிவார்கள். வீதியோரப் பாடசாலைகளுக்கு அன்பளிப்புகள் குவிவதும், உட்புறத்திலும் தீவகத்திலும் உள்ளவற்றுக்குக் குறைவதும் வாகனம் போகும் வசதியால் நேர்வது.

கிணறு: ஒரு செயற்றிட்டத்தை அருகிலிருந்து பார்த்தல்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டம் இறைப்பதும் சுண்ணக்கற் பாறைக்குள் தங்கும் மழைநீரைக் கொண்டே. ஆகவே வெள்ளம் வடிந்தவுடன் எல்லாக் கழகங்களுக்கும் கிணறு துப்புரவாக்கும் எண்ணம் வருவது இயல்பு. ஆனால் தெரியாமல் செய்தால் தீமை விளையக்கூடிய சில வேலைகளுள் இதுவும் ஒன்று.

நமது நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மீது ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கரையோரக் கிணறு ஒன்றை இயந்திரம் வைத்து அடிவரை வேகமாக இறைத்தால், ஊறி வரும் நன்னீர் போதாமல், கீழிருந்து உவர்நீர் மேலேறிவிடும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் கரையோரங்களில், நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைக்கப்பட்ட கிணறுகள் சிலவற்றில் உவர்ப்புக் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. எனவே எந்தக் கிணற்றை இறைக்கலாம், எதை இறைக்காமல் குளோரின் மட்டும் இட்டால் போதும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரே முடிவுசெய்யட்டும். குளோரின் தூளின் அளவையும் அவரே சொல்லட்டும். கழகம் அவருக்குக் கொடுக்கவேண்டியது சரியான அளவீடுகள். வட்டக் கிணறாயின் குறுக்கு அகலத்தையும் நீரின் ஆழத்தையும் மீற்றரில் அளந்துகொள்ளுங்கள். அகலம் 3 மீற்றர், நீர் 2 மீற்றர் என்றால், அரையகலமாகிய 1.5 ஐ 1.5 ஆல் பெருக்கி, அதனை 3.14 ஆலும் ஆழமாகிய 2 ஆலும் பெருக்க 14 கனமீற்றருக்குச் சற்று மேல் வரும். அதாவது ஏறத்தாழ 14,000 லீற்றர். சதுரக் கிணறாயின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் முடிந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை அளந்தால் ஆழம் கிடைக்கும். இவ்வாறு ஓர் ஒழுங்கையில் உள்ள கிணறுகளை அளந்து, வீட்டுக்காரர் பெயருடன் அட்டவணையாக எழுதிக் கொடுத்தால், பரிசோதகரின் ஒரு நாள் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும். லயன்ஸின் இளையோர் பிரிவைச் சேர்ந்த மாணவ லியோக்களுக்கு ஏற்ற வேலை இது.

இறைக்க நேர்ந்தால், மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்க ஒருபோதும் இடமளிக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. உள்ளே இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இயந்திரம் மேலே நிற்க, குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

சேற்றில் நிற்கும் தொண்டர்களையும் மறந்துவிடக்கூடாது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் பின்னர், டிசெம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாகவும் நோயைக் கொண்டுசெல்லும். நீண்ட சப்பாத்தும் கையுறையும் இல்லாதவரை வெள்ளத்துக்குள் இறக்காதீர்கள்; காலில் புண் உள்ளவரைத் தேத்தண்ணீர் போடவோ பதிவெழுதவோ விடுங்கள்; தடுப்பு மருந்து எடுக்கவேண்டுமா என்பதை முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

இரத்ததான முகாமும் கண் முகாமும்

இரத்ததான முகாமின் நாளை இரத்த வங்கியோடு பேசிக் குறியுங்கள்; கழகத்தின் நிறைவு விழாவையோ முன்னாள் தலைவரின் பிறந்த நாளையோ கொண்டு குறியாதீர்கள். பிரித்தெடுக்கும் குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரே வாரத்தில் நான்கு கழகங்கள் முகாம் நடத்திவிட்டு அடுத்த மாதம் முழுவதும் ஒன்றும் நடத்தாவிட்டால், கொடுத்த இரத்தத்தின் ஒரு பகுதி உரிய வேளையில் யாருக்கும் உதவாது.

நமது ஊருக்கே உரிய ஒரு தடங்கலும் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம், கந்தசட்டி, பிரதோஷம் ஆகிய நாட்களில் பலர் காலையில் ஒன்றும் உண்ணாமல் வருவார்கள். வெறும் வயிற்றுடன் 450 மில்லிலீற்றர் இரத்தம் கொடுத்தவர் கதிரையிலிருந்து எழும்போதே சரிவதை ஒருமுறை பார்த்தால், அடுத்த முறை நாட்காட்டியைப் பார்க்காமல் நாள் குறிக்க மாட்டீர்கள். வயது 18 முதல் 60 வரை, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகியிருத்தல், அடையாள அட்டையைக் கொண்டுவருதல், காலையுணவு உண்டு வருதல் என்பவற்றைத் துண்டுப்பிரசுரத்தில் பெரிய எழுத்தில் இடுங்கள். சிறப்பு விருந்தினரின் பெயர் சிறிய எழுத்தில் வந்தாலும் பாதகமில்லை. மண்டபம் தரைத்தளத்தில், காற்றோட்டத்துடன், வாகனம் வாசல்வரை வரக்கூடியதாக இருக்கவேண்டும். குருதிச் செறிவு போதாமல் திருப்பியனுப்பப்படுவோரிடம், அவர்களுள் பெண்களே அதிகம், ஓர் உறுப்பினர் தனியே பேசி, தேநீர் கொடுத்து அனுப்பட்டும். வந்து வெட்கப்பட்டுப் போனவர் மீண்டும் வரமாட்டார்.

கண் முகாம் லயன்ஸ் இயக்கத்தின் பழைய சொத்து. 1925 இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர், லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடுமாறு கேட்ட நாளிலிருந்து அது அவர்களோடு இருக்கிறது. ஆனால் பரிசோதிப்பது பாதி வேலைதான். கண்புரை என்று கண்டுபிடிக்கப்பட்ட ஆச்சியைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிச் செல்பவர் யார், அன்றிரவு உடன் நிற்பவர் யார், பின்னர் பல வாரங்களுக்குக் கண்ணில் துளிமருந்து விடுபவர் யார் என்பவற்றை முகாம் நாளன்றே எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தப் பட்டியலால் பயனில்லை. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தனியே வாழும் முதியோரே இங்கு இவ்வரிசையில் நிற்கின்றனர். நெடுந்தீவில் நடத்துவதாயின், குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும் என்பதையும், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் கொண்டே எத்தனை பேரைப் பார்க்கமுடியும் என்று கணக்கிட வேண்டும். மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை என்று முக்கால் மணித்தியாலம் போனால், அது பத்துப் பேரின் கண்ணைப் பார்க்கும் நேரம்.

பணம்

இங்கு விரிவாகவே எழுதவேண்டியுள்ளது. கழகங்கள் உடைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

முதலில் இரண்டு வங்கிக் கணக்குகள். லயன்ஸ் கழகங்களுக்கு இது விதி; மற்றவர்களும் பின்பற்றத் தக்கது. உறுப்பினர் சந்தா, கூட்டத்தில் ‘டெயில் ட்விஸ்டர்’ என்னும் பொறுப்பாளர் விளையாட்டாக அறவிடும் சிறு தண்டங்கள் ஆகியன நிர்வாகக் கணக்குக்குப் போகும். கூட்டச் செலவு, தபால், மாவட்டக் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே. பொதுமக்களிடம் திரட்டியது சேவைக் கணக்குக்குப் போகும். அது பொதுமக்களுக்கே திரும்பவேண்டும். திரட்டும் நிகழ்ச்சியின் நேரடிச் செலவை மட்டும் அதிலிருந்து கழிக்கலாம். கழகத்தின் இராப்போசனத்துக்கு ஒரு சதமும் எடுக்க முடியாது. கணக்கு கழகத்தின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர், “உங்கள் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தாருங்கள், சுலபம்” என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். உங்கள் நேர்மையில் எவருக்கும் ஐயம் இல்லாமலிருக்கலாம். ஆனால் நீங்கள் திடீரென்று நோயுற்றால் அந்தப் பணம் எதற்காக வந்தது என்று உங்கள் வீட்டாருக்குத் தெரியாது.

இனி, நிகழ்ச்சி வைத்துப் பணம் சேர்ப்பது. நுழைவுச்சீட்டு விற்று இசை நிகழ்ச்சி நடத்துவதற்கு ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். சீட்டு 1,000 ரூபாவாக 300 அச்சிடுகிறோம். நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை 60 சீட்டுகள் விற்கப்படாமல் திரும்புகின்றன. விற்ற 240 இல் 25 சீட்டுகளின் காசு, “பிறகு தருகிறேன்” என்ற சொல்லாகவே நிற்கிறது. கையில் 215,000 ரூபா. மண்டபம், ஒலி, ஒளி 120,000. அச்சுச் செலவு 15,000. கலைஞருக்கும் தொண்டருக்கும் உணவு 30,000. மிச்சம் 50,000. முப்பத்தைந்து உறுப்பினர் ஆளுக்கு 1,500 ரூபா போட்டிருந்தால் இதைவிட 2,500 ரூபா கூடுதலாகக் கிடைத்திருக்கும். இரண்டு மாத அலைச்சலும், இரண்டு நண்பர்களுக்கிடையில் வந்த மனக்கசப்பும் இல்லாமற் போயிருக்கும். நிகழ்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் கூடிச் சிரிப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு. ஆனால் இந்தக் கணக்கை அச்சகத்துக்குப் போகுமுன் போடுங்கள்; நுழைவுச்சீட்டு விற்றால் உள்ளூராட்சி மன்றத்தின் கேளிக்கை வரியும், அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு வைத்தால் அதற்குரிய அனுமதியும் உண்டு என்பதால், பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் முன்னரே கேட்டறியுங்கள். சீட்டுக்கட்டுகளைத் தொடர் இலக்கமிட்டு, கையொப்பம் பெற்றே கொடுங்கள். விற்காத சீட்டுகளும் விற்றவற்றின் அடிக்கட்டைகளும் நிகழ்ச்சிக்கு முதல் நாள் பொருளாளரின் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

செலவு குறைந்த வழி நமது ஆண்டுத் தொடக்கத்திலேயே கிடக்கிறது. பதவியேற்று இரண்டு வாரங்களில், ஜூலை நடுப்பகுதியில், ஆடிப்பிறப்பு வருகிறது. அன்று கூழும் கொழுக்கட்டையும் வேண்டாத வீடு இல்லை. ஆனால் காய்ச்ச நேரமுள்ள வீடுகள் குறைந்துவிட்டன. பயறும் பனங்கட்டியும் அரிசிமாவும் மொத்தமாக வாங்கி, தேங்காயை உறுப்பினர் வளவுகளிலிருந்தே சேர்த்து, முன்கூட்டிய கட்டளைக்கு மட்டும் காய்ச்சினால் வீணாவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் கழகத்தில் ஓர் அம்மா தேங்காய்ச் சொட்டை மிகச் சிறிதாக வெட்டவேண்டும் என்று இரவு பதினொரு மணிவரை எல்லோரையும் வெட்ட வைத்தார். மறு ஆண்டு கட்டளைகள் இரட்டித்தமைக்கு அந்தச் சொட்டுகளே காரணம் என்று அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். உணவு விற்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுங்கள். சாப்பிட வந்தவர்களுக்குப் பனையோலைப் பிளாவில் கொடுத்தால் கோப்பைச் செலவும் இல்லை, குப்பையும் இல்லை.

நினைவுக் கொடைகள் யாழ்ப்பாணத்துக்கே உரிய பெரிய ஊற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு நூல் அச்சிடும் குடும்பங்களும், ஆண்டுத் திவசத்தில் அன்னதானம் கொடுக்கும் குடும்பங்களும், பெற்றோர் நினைவாகப் பயனுள்ள ஒன்றைச் செய்ய விரும்புகின்றன. அவர்களிடம் துக்க வீட்டு முற்றத்தில் கேட்கக்கூடாது. எவ்வளவு நெருங்கியவராயினும் கூடாது. ஒரு மாணவரின் ஓராண்டுக் கொப்பிக்கு எவ்வளவு, ஒரு கண்ணாடிக்கு எவ்வளவு, ஒரு பாடசாலைக்கு நீர் வடிகட்டி பொருத்த எவ்வளவு என்ற பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அவர்களாகக் கேட்கும்போது கொடுங்கள். குறித்த நோக்கத்துக்காகத் தந்த பணத்தில் மிஞ்சினால், வேறு எதற்கும் செலவிடுமுன் தந்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் பற்றுச்சீட்டுகளின் பிரதியும் ஒரு பக்கக் கணக்கும் போய்ச் சேர்ந்தால், அவர்கள் அடுத்த ஆண்டும் தருவார்கள். அவ்வாறு ஒரு பக்கக் கணக்குக் கிடைக்காத காரணத்தாலேயே கையை மூடிக்கொண்ட புலம்பெயர்ந்தவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய வேலைகளுக்கு இயக்கங்களின் அறக்கட்டளைகள் இருக்கின்றன. றோட்டரியின் உலகளாவிய மானியத்துக்கு வரவுசெலவு குறைந்தது 30,000 அமெரிக்க டொலர் இருக்கவேண்டும். வேறு நாட்டுக் கழகம் ஒன்று இணைய வேண்டும். ஊரின் தேவையை ஆராய்ந்த அறிக்கையும் வேண்டும். மேலே சொன்னவாறு கிணறுகளை அளந்த அட்டவணை கைவசமிருந்தால், அந்த அறிக்கையின் ஒரு பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டதாகிவிடும்.

செய்தி எழுதுதல்

கழகச் செய்திமடலிலும் வட்ஸ்அப் குழுவிலும் வரும் செய்திகளுள் பெரும்பாலானவை இவ்வாறு இருக்கும்: “எமது கழகத் தலைவர் அவர்களின் பெருமுயற்சியினால் வறுமையில் வாடும் மாணவர்களுக்குக் கற்றல் உபகரணங்கள் வழங்கிவைக்கப்பட்டன. இந்நிகழ்வில் தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர்கள் உட்படப் பலரும் கலந்து சிறப்பித்தனர்.” இதில் எத்தனை மாணவர், என்ன உபகரணம், எவ்வளவு செலவு, யாருடைய பணம் என்பவற்றுள் ஒன்றும் இல்லை, இருப்பது பதவிகள் மட்டும். அதே நிகழ்வை இப்படி எழுதலாம்: “தீவக வலயப் பாடசாலை ஒன்றில் தரம் 6 முதல் 9 வரை பயிலும் 42 மாணவருக்கு ஓராண்டுக்குப் போதுமான அப்பியாசக் கொப்பிகள் ஜனவரி முதல் வாரத்தில் அதிபரிடம் ஒப்படைக்கப்பட்டன. செலவு 126,000 ரூபா. இதில் 80,000 ரூபா ஆடிப்பிறப்புக் கூழ் விற்பனையில் கிடைத்தது. 46,000 ரூபாவை உறுப்பினர் ஒருவர் தம் தந்தையாரின் நினைவாக வழங்கினார். கொப்பிகளைச் சுமந்து படகேற்றிய நால்வருக்கும் நன்றி.” வறுமையில் வாடுவோர் என்ற சொல் இங்கு இல்லை, வேண்டியதும் இல்லை. அந்த மாணவர் நாளை வங்கி முகாமையாளராகி உங்கள் கழகத்திலேயே சேரக்கூடும்.

கொப்பியை நீட்டும் கையும் வாங்கும் பிள்ளையும் ஒருசேரக் கமராவைப் பார்க்கும் படத்தை இனி எடுக்காதீர்கள். பிள்ளையின் முகம் வருவதாயின் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பொருளை வாங்க வந்து நிற்கும் நேரத்தில் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது, ஏனெனில் மறுத்தால் பொருள் கிடைக்காது என்றே அவர்கள் எண்ணுவார்கள். அடுக்கிய கொப்பிகளையும் சேறு படிந்த சப்பாத்துகளையும் படமெடுங்கள். செய்தி அதிலும் இருக்கிறது.

உறுப்பினர் செய்திகளில் பிறப்பு, திருமணம், பதவியுயர்வு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, வெளிநாடு செல்லல், மறைவு எல்லாம் வரும். பரீட்சைப் பெறுபேற்றை வெளியிடுமுன் பெற்றோரிடம் கேளுங்கள். இன்னோர் உறுப்பினரின் பிள்ளை அதே பரீட்சையில் தவறியிருக்கலாம். நோயுற்றவரைப் பற்றி அவரோ குடும்பத்தாரோ சொல்லச் சொன்ன அளவுக்கு மேல் எழுதாதீர்கள். மரணச் செய்தியை வீட்டார் ஒருவரிடம் உறுதிப்படுத்தாமல் ஒருபோதும் இடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்ட குழு ஒன்றில் நானும் இருந்தேன், அவர் குணமாகி வந்து அதைப் படித்துக் காட்டியபோது தலைகுனிந்தும் இருந்தேன். பெயரின் தலையெழுத்துகளை இரண்டு தரம் சரிபாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரில் மூவர் இருப்பர். எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் வாழ்த்து ஒருவருக்கும் மலர்வளையம் இன்னொருவருக்கும் போய்விடும்.

வெளிநாடு போனவரைக் குழுவிலிருந்து நீக்க அவசரப்படாதீர்கள். சந்தாப் பட்டியலிலிருந்து பெயர் போகலாம். செய்திமடல் தொடர்ந்து போகட்டும்.

ஜூன் மாத ஒப்படைப்பு

தலைவர் ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால் வேலையும் ஆண்டோடு முடியவேண்டியதில்லை. போலியோ ஒழிப்பை றோட்டரி 1985 இல் தன் பெரும் பணியாக எடுத்துக்கொண்டது. இலங்கையில் கடைசி நோயாளி 1993 இல் பதிவானார். உலகின் சில மூலைகளில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதற்குள் ஒவ்வொரு கழகத்திலும் எத்தனை தலைவர்கள் வந்துபோயிருப்பார்கள்.

ஆகவே ஜூன் மாதத்தில் பழைய செயலாளரும் புதிய செயலாளரும், பழைய பொருளாளரும் புதிய பொருளாளரும் ஒரு மாலை சேர்ந்து உட்காரவேண்டும். விருந்தோடு நடக்கும் பதவியேற்பு வேறு, இது வேறு. கூட்டக்குறிப்புப் புத்தகம், இரண்டு கணக்குகளின் ஏடுகள், வெற்றுப் பற்றுச்சீட்டுக் கட்டுகளின் தொடர் இலக்கங்கள், வங்கியில் கையொப்பம் மாற்றுவதற்கான கூட்டத் தீர்மானம், தந்தவர்களின் முகவரிகள், வாக்களித்து இன்னும் செய்யாத வேலைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ஒப்படைக்கவேண்டும். கூழுக்கு வாங்கிய பெரிய கிடாரங்கள் எந்த உறுப்பினர் வீட்டில் இருக்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள். ஐப்பசியில் நட்ட கன்றுகள் எந்த ஒழுங்கையில் நிற்கின்றன, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கட்டும். புதிய தலைவர் பதவியேற்ற மறுநாள் எடுக்கும் முதல் அழைப்பு அவருக்காகவே இருக்கவேண்டும், ஏனெனில் அப்போது சோழகம் வீசிக்கொண்டிருக்கும்.